ஸ்டேப்ளருக்கு அடியில் ஒரு பாஸ்போர்ட்: எல்லைச் சாவடியில் 260 பாட் மிச்சம் பிடித்த கதை

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 மார்ச்சில், தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்குள் நுழையும் ஒரு சாவடியில், விசா அதிகாரி என்னிடம் கேட்டது தாய்லாந்து நாணயத்தில் 1,300 பாட். சட்டப்படி நான் கொடுக்க வேண்டியது 30 டாலர். அன்றைய மாற்று விலைக்கு ஏறக்குறைய 940 பாட். இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அடம்பிடித்து உட்கார்ந்திருந்துவிட்டு, 30 டாலரும் மேலே 100 பாட்டும் கொடுத்து வெளியே வந்தேன். 260 பாட் மிச்சம். அதை மிச்சம் பிடிக்க ஆன செலவு 600 பாட். அதில் பாதி என் பணம்கூட இல்லை.

வருஷக்கணக்கில் இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதுகுப்பையோடு சுற்றுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஆளுக்கொரு எல்லைக் கதை வரும். என் பங்குக்கு இது. போன மாதம் பழைய பயணக் குறிப்பேடு கையில் கிடைத்தது. நேரம், தொகை, யார் என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வைத்திருந்தேன். படித்தால், நான் சொல்லிக்கொண்டிருந்த கதையும் அதில் இருப்பதும் வேறு வேறாக இருந்தன. அதனால்தான் இந்த ஆய்வு.

சாவடியின் பெயரை எழுதப் போவதில்லை. இரு நாடுகளுக்கும் நடுவே வெளிநாட்டவர் கடக்கக்கூடிய சாவடிகள் பல இருந்தன. அவற்றில் சிறியவற்றில் ஒன்று என்ற அளவில் போதும். 'இருந்தன' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூனில் தாய்லாந்து தன் பக்கத்துச் சாவடிகளைப் பயணிகளுக்கு மூடியது. ஜூலையில் இரு படைகளுக்கும் சண்டையே மூண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த வழிக்குப் பை கட்ட வேண்டாம்.

திரும்பிப் போக வழியில்லாத 200 மீட்டர்

எல்லை என்றால் தரையில் ஒரு கோடு என்று நினைப்போம். உண்மையில் அது ஒரு தெரு. முதலில் தாய்லாந்தின் வெளியேறும் முத்திரை. பிறகு இரண்டு நாட்டு முத்திரைக்கும் நடுவே கொஞ்சம் நடை. அந்த நடுப்பகுதியில் சூதாட்ட விடுதி நின்றது. தாய்லாந்தில் அதற்குத் தடை. அதனால் கம்போடியா தன் மண்ணில், தன் குடிநுழைவு மேசைக்கு முன்னாலேயே, அண்டை நாட்டுக்காரர்களுக்காக வைத்திருந்தது. அதைத் தாண்டினால் சுகாதார மேசை, விசா ஜன்னல், கடைசியாக நுழைவு முத்திரை.

அன்று காலை பாங்காக்கின் மோ சிட் நிலையத்தில் வேன் ஏறும்போதே பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்க்குரல். பினாங்கிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் அவரை அங்கிள் என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். எல்லை தாண்டி சியாம் ரீப் வரை சேர்ந்தே போவது என்று பேசிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நிறம், ஒரே மொழி, பையின் எடைகூட ஏறக்குறைய ஒன்றுதான். பாஸ்போர்ட்தான் வேறு. மலேசியர்களுக்குக் கம்போடியாவில் விசா வேண்டாம். எனக்கு வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் பாஸ்போர்ட்டுக்குத் தாய்லாந்து அந்த ஆண்டு கொடுத்தது வருகை விசா, அதாவது வந்து சேரும் இடத்திலேயே வாங்கிக்கொள்வது: 15 நாள், ஒருமுறை நுழைவு, கட்டணம் 2,000 பாட். வெளியேறும் முத்திரை விழுந்ததும் அந்த விசா செத்தது. திரும்பிப் போக வேண்டுமானால் இன்னொரு 2,000. அதுவும் வருகை விசா கொடுக்கும் சாவடிகளில் மட்டும். நான் நின்ற சாவடி அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, 'ஒத்துவராவிட்டால் திரும்பிவிடலாம்' என்று நான் மனதில் வைத்திருந்த துருப்புச் சீட்டு வெறும் காகிதம். விசா ஜன்னலில் இருந்தவர் தினமும் பாஸ்போர்ட் புரட்டுகிறவர். எதிரே நிற்பவனுக்குப் பின்கதவு உண்டா இல்லையா என்பது அவருக்கு முதல் புரட்டலிலேயே தெரிந்திருக்கும்.

1,500 கேட்டவர்

வேன் கடைசியாக நின்ற இடத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் ஏறினார். விசா வேலையை முடித்துத் தருவதாகவும் 1,500 பாட் ஆகும் என்றும் சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டுகளுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அங்கே டாலர் வாங்க மாட்டார்கள், மதியம் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள், ரொம்ப நேரம் ஆகும்" என்று மூன்று காரணம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுத்துவிட்டோம் என்ற பெருமை எனக்கு. குறிப்பேட்டில் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது பார்க்கும்போது அவர் தோற்றுப்போன தரகராகத் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து ஜன்னலில் 1,300 என்று கேட்டபோது, அது 940க்கு மேல் எவ்வளவு என்று என் மனம் கணக்குப் போடவில்லை. 1,500க்குக் கீழே எவ்வளவு என்றுதான் போட்டது. அவர் விற்க வந்த சரக்கை நான் வாங்காவிட்டாலும், விலையை என் தலைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன மூன்று காரணங்களில் இரண்டு, டாலர் மறுப்பும் தாமதமும், அப்படியே நடந்தன. தரகரும் அதிகாரியும் கூட்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒருவர் ஒத்திகை பார்த்த வசனத்தை மற்றவர் மேடையில் பேசினார்.

சுகாதார மேசையில் 20 பாட். நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டி, ஒரு மஞ்சள் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை, அங்கிளும் கேட்கவில்லை. இருபது பாட்டுக்கு யார் வாயைத் திறப்பது? அந்த மேசையிலிருந்து விசா ஜன்னல் பத்தடிகூட இல்லை. யார் பேசாமல் கொடுக்கிறார், யார் முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

ஜன்னலில்

மணி 11.40. ஜன்னலுக்கு மேலே பலகை: சுற்றுலா விசா, 30 டாலர். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். 2014 வரை 20 டாலராக இருந்த கட்டணம் அது.

விண்ணப்பத்தாள், புகைப்படம், ஒரு இருபது, ஒரு பத்து. எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து நீட்டினேன். அதிகாரி பணத்தை மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாட். ஆயிரத்து முந்நூறு."

பலகையைக் காட்டினேன். அவர் பலகையைப் பார்க்கவில்லை. "அது விமான நிலையத்துக்கு" என்றார். பிறகு இருபது டாலர் தாளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு இருந்த கிழிசலைக் காட்டி, தலையை ஆட்டினார். இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. கம்போடியாவில் சொந்த நாணயமான ரியெலுக்குச் சமமாக டாலர் புழங்கும், ஆனால் கிழிந்த டாலரை டீக்கடையில்கூடத் தொட மாட்டார்கள். என்னிடம் வேறு தாள் இருந்தது. கொடுத்தேன். அதையும் திருப்பினார்.

ஏன் பாட்டில்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. டாலரில் கேட்டால் தலைக்கு மேலே பலகை சாட்சி சொல்லும்: முப்பது எங்கே, நாற்பத்திரண்டு எங்கே? பாட்டில் கேட்டால் பலகை ஊமையாகிவிடும். வெயிலில் நின்றுகொண்டு 31 சொச்சத்தால் பெருக்கிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? கேட்டால் 'மாற்று விலை' என்று ஒரு வார்த்தை போதும். கூடுதல் பணம் அந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்துகொள்கிறது.

நான் முப்பது டாலர்தான் தருவேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை மேசையின் ஓரத்தில் வைத்தார். மேசை விசிறியின் காற்றுக்கு அட்டை திறந்து திறந்து மூடியது. ஸ்டேப்ளரை எடுத்து அதன் மேல் வைத்தார். நாற்காலியைக் காட்டினார். "காத்திருங்கள்."

இந்த இடத்தில்தான் விவகாரத்தின் முழு எந்திரமும் இருக்கிறது. அவர் எனக்கு விசா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும், மேலதிகாரி வருவார், அது ஒரு ஆவணம். தாமதத்துக்கு ஆவணம் கிடையாது. எனக்குப் பின்னால் வந்த இரண்டு ஐரோப்பியர்கள் 1,300 கொடுத்து ஏழே நிமிடத்தில் விசா ஒட்டி வாங்கிப் போனார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் என்னுடையதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன. ஸ்டேப்ளர் அசையவில்லை.

ஊழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சூத்திரம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் கிளிட்கார்ட் சொன்னது: ஏகபோகம், அதோடு தன் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரம், இவற்றிலிருந்து பொறுப்புக்கூறலைக் கழித்தால் வருவது ஊழல். இந்த ஜன்னலுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. வேறு ஜன்னல் இல்லை. 'எப்போது' என்பதை அவர் ஒருவரே முடிவு செய்கிறார். பொறுப்புக்கூறலோ பூஜ்யம்: நான் நாளை சியாம் ரீப்பில் இருப்பேன், அடுத்த வாரம் வேறு நாட்டில், எந்த மொழியில், யாரிடம் போய்ப் புகார் எழுதப் போகிறேன்? ஆனால் அந்தச் சூத்திரத்தில் என் பக்கத்துச் சரக்கு ஒன்று இல்லை. எனக்காக ஒரு வண்டி காத்துக்கொண்டிருந்தது. அதிகாரியிடம் நேரம் கொட்டிக் கிடந்தது, என்னிடம் இல்லை. அவர் விற்றது விசா அல்ல, வேகம். விசாவின் விலையைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

அங்கிள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அவருக்கு விசாக் கட்டணமே கிடையாது என்றாலும் முத்திரை மேசையில் 100 பாட் கேட்டார்கள். அவர் கேட்பதற்கு முன்பே நூறை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. சிரித்துக்கொண்டே நீட்டினாராம், அவர்களும் சிரித்தார்களாம்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"என்னா தம்பி, இன்னும் முடியலையா?"

"முப்பதுக்கு மேல கேக்குறாங்க அங்கிள்."

"கொடுத்துட்டு வா லா. இங்க இப்படித்தான். டாக்சிக்காரன் கத்துறான்."

"சட்டப்படி முப்பதுதான் அங்கிள்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிழல் தேடி ஒரு சுவரோரம் போய் நின்றார். அந்தப் பக்கத்தில் பகிர்வு டாக்சிகள் நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 300 பாட். முன்னால் போன இரண்டு ஐரோப்பியர்களும் அங்கிளும் சேர்ந்து மூன்று பேர், என்னோடு நாலு. இருபது நிமிடம் பார்த்துவிட்டு அவர்கள் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அங்கிள் ஏறவில்லை.

அவர் ஏன் ஏறவில்லை என்று நான் அன்று யோசிக்கவே இல்லை. குறிப்பேட்டில் அது ஒரு வரி: 'அங்கிள் வெளியே வெயிட்டிங்.' அதற்கு அடுத்த பக்கம் முழுக்க அதிகாரியின் முகபாவங்கள்.

எது வேலை செய்தது

நான் சட்டம் பேசினேன். கம்போடியாவில் 2010இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது, அதற்கென்று ஒரு தனிப்பிரிவும் உண்டு. அந்தப் பிரிவின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி தலையாட்டினார். பெயர் சரியாகச் சொன்னேன் என்று பாராட்டியது போலிருந்தது. அந்த நாட்டுச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. இதையே உரக்கச் சொல்லியிருந்தால், கையில் பணத்தோடு நின்றவன் நான்தான்.

ஆனால் அங்கே நடப்பது லஞ்சம்தானா என்பதே கேள்வி. லஞ்சம் என்றால் எனக்கு உரிமையில்லாத ஒன்றுக்கு விலை. இங்கே எனக்கு முழு உரிமையுள்ள ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை கேட்கிறார்கள்; பறிப்பு என்பதுதான் பொருத்தமான சொல். உலகச் சட்டங்களுக்கே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் 1977இன் அமெரிக்கச் சட்டம், வழக்கமான அரசு வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சில்லறைக்கு விலக்கு தருகிறது. 2010இன் பிரிட்டிஷ் சட்டம் அந்த விலக்கைத் தரவில்லை. ஜன்னலில் நின்றவனுக்கு இரண்டாலும் பயனில்லை.

வேலை செய்தது வேறொன்று. அது நான் திட்டமிட்டதும் இல்லை. எனக்குக் காட்டிய நாற்காலி ஜன்னலுக்கு நேர் எதிரே, வரிசையில் வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள் அல்லவா? "எவ்வளவு வாங்குகிறார்கள்?" பலகையைக் காட்டி "முப்பது டாலர்" என்பேன். நான் புத்திசாலித்தனமாக எதுவும் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். ஒன்றரை மணி வாக்கில் மூன்று பேர் கொண்ட ஒரு கூட்டம் வந்தது. என்னிடம் விசாரித்துவிட்டுப் போய் மூவரும் முப்பது முப்பதாக நீட்டினார்கள். அதிகாரி முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு ஆளின் கூடுதல் பணம் 360 பாட், சுமார் 11 டாலர். மூன்று பேர் என்றால் 33 டாலர். கம்போடிய அரசு ஊழியர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 10 லட்சம் ரியெலுக்கு, அதாவது 250 டாலர் அளவுக்கு, உயர்த்திக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒரு நாளில் இருபத்துமூன்று பேர் முனகாமல் 1,300 கொடுத்தால் அந்தத் தொகை ஒரே மேசையில் சேர்ந்துவிடும். எல்லாம் ஜன்னலில் இருப்பவருக்கே போவதில்லை, மேலே பங்கு உண்டு என்று டாக்சி ஓட்டுநர் பிறகு சொன்னார்; அது அவர் சொன்னது. எப்படியானாலும், என்னை உட்கார வைத்ததில் அதுவரை அவருக்கு நஷ்டம் இல்லை. நான் ஒரு கெட்ட விளம்பரமாக மாறியபோதுதான் நஷ்டம் தொடங்கியது.

ஐந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். "முப்பது டாலர். நூறு பாட்." நூறு எதற்கு என்று கேட்டேன். "முத்திரைக்கு." வேலியோரம் அங்கிள் தெரிந்தார். கொடுத்தேன். ரசீது வேண்டும் என்றேன். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. மேசை நாட்காட்டியின் ஓரத்தைக் கிழித்து, அதில் '30' என்று எழுதி நீட்டினார். அந்தத் துண்டு இன்னும் குறிப்பேட்டில் இருக்கிறது. நூறு அதில் இல்லை.

அந்த மூவர் என்ன ஆனார்கள்? முப்பதிலேயே முடித்துக்கொண்டார்களா, அவர்களுக்கும் ஆளுக்கொரு நாற்காலியா? பார்க்காமல் வந்துவிட்டேன். இந்த ஆய்வில் பெரிய ஓட்டை அது. என்னைப் பிரித்து அனுப்பிவிட்டு அவர்களைத் தனியாகக் கவனித்திருக்கலாம். அந்த நூறு பாட் சமரசத்தில் அவர் வாங்கியது என் வாயைத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

வேறு என்ன செய்திருக்கலாம்

மின்விசா இருந்தது. 36 டாலர், 30 கட்டணம், 6 சேவைக்கு. ஆனால் விமான நிலையங்களும் பெரிய சாவடிகள் சிலவும் மட்டுமே அதை ஏற்றன, நான் போன சிறிய சாவடி ஏற்கவில்லை. பெரிய சாவடிக்குப் போயிருந்தால் ஆறு டாலரோடு விசா விவகாரம் முடிந்திருக்கும். ஜன்னலைத் தவிர்ப்பதற்கு அரசே போட்ட விலை ஆறு டாலர் என்று வைத்துக்கொண்டால், ஜன்னலின் 11 டாலர் அவ்வளவு தூரத்தில் இல்லை. கூட்டமில்லாத வழி என்று சிறிய சாவடியைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. கூட்டம் இல்லாத இடத்தில் சாட்சியும் இல்லை. நண்பகலுக்கு முன் போய் நின்றதும் தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பக்கம் ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு இந்தப் பக்கம் கொள்கை பேசியது. தனியாகப் போயிருந்தால் என் பிடிவாதத்தின் விலை முழுக்க என் பையிலிருந்து போயிருக்கும்.

அந்த ஆண்டின் ஊழல் கண்ணோட்டப் பட்டியலில், ஊழலுக்கு எதிராக இயங்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு கம்போடியாவுக்கு நூற்றுக்கு 20 கொடுத்தது. 180 நாடுகளில் 161ஆவது இடம். இதைப் பல வருடம் என் கதையின் முடிவு வரியாக வைத்திருந்தேன். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்தப் பட்டியல் நிபுணர்களும் தொழில்துறையினரும் ஒரு நாட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அளப்பது. வேலியோரம் நின்றவரை அது அளக்காது.

டாக்சி 1,200 பாட், இரண்டு பேருக்கும் சேர்த்து. பகிர்வு வண்டியில் போயிருந்தால் 600. ஆளுக்கு 300 கூடுதல். வழி நெடுக நான் வென்ற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கிள் "ம்", "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

இதை எழுதி முடித்ததும் அவருக்கு அனுப்பினேன்; எண் இன்னும் இருந்தது. தன்னைப் பற்றி எழுதியதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். "டாக்சி ஆயிரத்து இருநூறு இல்ல தம்பி, ஆயிரத்து முந்நூறு. நூறு நான் தனியா கொடுத்தேன், நீ பையை இறக்கிட்டு இருந்தே. பாவம், அவனும் உனக்காக ஒரு மணி நேரம் நின்னான்ல."